தலை உள்ளே, உடம்பு வெளியே

பழைய வீட்டில் குடியிருப்பவர்கள் அது ஒழுகுவதைப் பற்றிப் பேசுவார்கள். குடியிருக்காதவர்கள் அதன் அழகைப் பற்றிப் பேசுவார்கள். நான் இரண்டாவது ரகம். அதிலும் கொஞ்சம் முற்றிய கேஸ்.

கல்யாணமான புதிதில் ஞாயிற்றுக்கிழமையானால் கேமராவோடு ராயபுரம், தண்டையார்பேட்டைத் தெருக்களில் அலைவேன். தூண், வளைவு, மரப்படி என்று எதைப் பார்த்தாலும் ஒரு சொற்பொழிவு. கேட்க ஆள் இல்லாவிட்டால் என் மனைவி மாலதி கேட்பாள். (பாவம், அவளுக்கு வேறு வழியில்லை.)

அப்போது நாங்கள் வாடகைக்கு வீடு தேடிக்கொண்டிருந்தோம். ராயபுரத்தில் ஒரு பழைய வீட்டில்தான் வாழ்வது என்று நான் முடிவு செய்திருந்தேன். என் மாமனார், மணலி உரத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், புளியந்தோப்புக்காரர், வேறு முடிவில் இருந்தார்.

"லிப்ட் வெச்ச புது பிளாட்டா பாருங்க மாப்ள. இடிஞ்ச வூட்ல இன்னா கீது?"

ஒரே ஒரு நாள் என்னோடு வந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்றேன். அவர் மனம் மாறினால் மாலதியும் சம்மதிப்பாள் என்பது கணக்கு. வெயில் மண்டையைப் பிளக்கும் ஒரு ஞாயிறு காலை மூவரும் கிளம்பினோம்.

"இந்த வீடுகளில் ஒரு ஆணியைக்கூடத் தொடக்கூடாது மாமா. ஒரு கம்பியை எடுத்தாலும் அது கொலைக்குச் சமம்" என்று தெரு முழுக்க முழங்கிக்கொண்டே வந்தேன். மாமனார் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

ஒரு சந்தில் அந்த மாடி வீடு இருந்தது. மஞ்சள் சுண்ணாம்புச் சுவர், கதவு சாத்தியிருந்தது, தெருப்பக்கம் ஆளுயர ஜன்னல். கம்பிகளுக்கு நடுவே பார்த்தேன். உள்ளே கூடம், அதைத் தாண்டி முற்றம். கூடத்தின் கூரையில் தேக்கு உத்திரங்கள், அவற்றின் மேல் சின்னச் செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கிய தளம். முழுசாகத் தெரியவில்லை. ஒரு கம்பி லேசாக வளைந்திருந்தது. அங்கே தலையை விட்டேன். போயிற்று.

கூரை அற்புதம். "மாலதி, இங்க வந்து பாரேன்!" என்று கத்திவிட்டுத் தலையை இழுத்தேன். வரவில்லை. காதுகள் இரண்டும் கொக்கி மாதிரி மாட்டிக்கொண்டன.

உள்ளே வெங்காயம் அரிந்துகொண்டிருந்த ஒரு அம்மா நிமிர்ந்தார். தன் வீட்டு ஜன்னலில் கண்ணாடி போட்ட ஒரு தலை முளைத்திருப்பதைப் பார்த்தார்.

"யார்றா நீ? வூட்டுக்குள்ள தலைய வுட்டுகினு இன்னா பண்றே?"

"கூரை பார்க்கிறேங்க."

"எங்க வூட்டு கூரைய நீ ஏன் பாக்குற?"

மறுபடியும் தலையை இழுத்துப் பார்த்தேன். காதுகள்தான் வலித்தன.

மாலதி வெளியிலிருந்து மன்னிப்புக் கேட்க, கதவு திறந்தது. அந்த அம்மா பெயர் நூர்ஜஹான். நிலைமை புரிந்ததும் அவருக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து என் காதுகளில் தாராளமாக ஊற்றினார். பிறகு சோப்பு நுரை. தலை பளபளத்ததே தவிர நகரவில்லை.

"எங்க வூட்டுக்காரர் வர்ற வரைக்கும் இப்டியே நில்லு தம்பி. பெரியவரே, நீங்க ஏன் வெயில்ல நிக்கிறீங்க? உள்ள வந்து குந்துங்க."

மாமனார் உள்ளே வந்து என் தலைக்கு எதிரே நாற்காலி போட்டு அமர்ந்தார். டீ வந்தது. அவர் உள்ளே என் தலையோடு பேசிக்கொண்டிருக்க, மாலதி வெளியே என் உடம்பைக் காவல் காத்தாள். என் தலை மார்கழியிலும் முதுகு சித்திரையிலும் இருந்தன. நடுவில் பின்பாக்கெட்டை யாரோ இழுப்பது போலிருந்தது.

"ஒண்ணுமில்ல, ஆடு" என்றாள் மாலதி. அன்றைய சொற்பொழிவுக்கான என் குறிப்புகளை அது தின்றுகொண்டிருந்தது.

தெருவே கூடிவிட்டது. தீயணைப்பு வண்டியைக் கூப்பிடலாம் என்றார் ஒருவர். அதற்குள் நூர்ஜஹான் அக்காவின் கணவர் பஷீர் பாய் வந்தார். என்னை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, கம்பி அறுக்கும் ரம்பத்தை எடுத்தார்.

"இருங்க பாய்" என்றார் மாமனார். "ஒரு கம்பிய எடுத்தாலும் கொலைன்னு மாப்ள சொல்லிகினு வந்தாரு."

"மாமா! அறுக்கச் சொல்லுங்க மாமா!"

"இல்ல மாப்ள, பழைய கம்பி..."

"நாசமாப் போகட்டும்! அறுங்க பாய்!"

தெரு கைதட்டியது. காதோரம் ரம்பம் கிறீச்சிட, நான் கண்ணை மூடிக்கொண்டேன். தலை வெளியே வந்தபோது காதுகள் இரண்டும் செம்பருத்திப் பூவாய்ச் சிவந்திருந்தன.

தலைகுனிந்து மாமனாரைப் போகலாம் என்று அழைத்தேன். அவர் எழவில்லை. முற்றத்தைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார்.

"பேன்கூட போடல, ஜில்லுனு கீது" என்றார். பிறகு பாயிடம், "மேல காலியா?"

"காலிதான். மாப்ளதான் பாதி குடிவந்துட்டாரே, மீதியும் வரட்டும்" என்றார் பாய்.

அடுத்த மாதமே மாடியில் குடியேறினோம். இன்னும் அங்கேதான் இருக்கிறோம். (மழைக்கு ஒழுகும். இப்போதெல்லாம் நான் அதைப் பற்றித்தான் பேசுகிறேன்.) விருந்தாளி யார் வந்தாலும், இப்போது எங்களோடே இருக்கும் மாமனார் முதலில் ஜன்னலைக் காட்டிவிட்டுத்தான் தண்ணீர் கொடுக்கச் சொல்கிறார்.

போன வாரம் ஆட்டோவில் ஏறித் தெருப் பெயரைச் சொன்னேன். டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

"தலமாட்ன வூட்டாண்டயா சார்? உனுக்கு அந்தக் கத தெரியுமா? ஒர்த்தன் தலைய வுட்டு மாட்டிகினு, ரெண்டு பயர் இஞ்சின் வந்து, கடைசில செவுத்தயே இட்ச்சாங்க!"

"சுவரையெல்லாம் இடிக்கலப்பா. ஒரே ஒரு கம்பிதான் அறுத்தாங்க."

"நீ இன்னா, கிட்ட இருந்து பாத்தியா?"

"ரொம்பக் கிட்ட" என்றேன்.