ராசப்பனுக்கு இலை இல்லை

இமயமலையிலிருந்து திரும்பி வந்த பத்து நாளில் ராசப்பனுக்கு இது நான்காவது தடவை. ஸ்ரீரங்கத்துக் கல்யாண மண்டபத்தில் விருந்தாளிகள் எல்லாரும் சாப்பிட்டு, தாம்பூலப் பையோடு வேன் ஏறிப் போன பிறகு, பரிமாறும் ஆட்களுக்கென்று போடுகிற கடைசிப் பந்தியில் அவருக்கு மட்டும் இலை இல்லை.

பதின்மூன்று இலை போட்டிருந்தது. பதின்மூன்றிலும் ஆள் உட்கார்ந்தாயிற்று. கேட்டரிங் முதலாளி கொடுத்த ஒரே மாதிரி வெள்ளைத் தொப்பி, ஒரே மாதிரி வெள்ளைச் சட்டை. எல்லாத் தலையும் இலைமேல் கவிழ்ந்திருந்தது. ராசப்பன் ரச வாளியோடு வரிசைக்கு எதிரே நின்றார்.

“எத்தனை இலை போட்ட?”

“நீங்க சொன்ன மாதிரிதான் அண்ணே. பதின்மூணு,” என்றாள் முதல் இலையில் இருந்த செல்வமேரி. இருபது வருஷமாக அந்தக் குழுவில் இலை போடுவதும் தண்ணீர் வைப்பதும் அவள்தான்.

“இன்னிக்கு வேலைக்கு வந்தது எத்தனை பேரு?”

“பதின்மூணு.”

“அப்புறம் எனக்கு எங்க இலை?”

ராசப்பனுக்குக் கோபம் வரவில்லை. அவருக்கு இது பழகிப்போயிருந்தது. “மலையிலயும் இதே கூத்துதான்” என்று சொல்லிவிட்டு, கவிழ்த்து வைத்திருந்த அண்டாவின் மேல் உட்கார்ந்து கதையை ஆரம்பித்தார். ரச வாளியைக் கீழே வைக்க மறந்துவிட்டார்.

எடமலைப்பட்டி புதூர் ராசப்பன் பந்தி சூப்பர்வைசர். கூடத்தை இடமிருந்து வலமாக ஒரு பார்வை பார்ப்பார், முந்நூற்று நாற்பத்திரண்டு என்பார். சந்தேகப்பட்டு இலையை எண்ணினவர்கள் எல்லாரும் முந்நூற்று நாற்பத்திரண்டில் வந்து நின்று, வாயை மூடிக்கொண்டு போயிருக்கிறார்கள். அதற்கு அவர் சொல்லும் ரகசியம் ஒன்றுதான். முகத்தைப் பார்க்கக் கூடாது. முகத்தைப் பார்த்தால் இவர் பெண்ணுக்கு மாமா, அவர் பேங்க் மேனேஜர் என்று மனசு அங்கங்கே நின்றுவிடும். தலையை மட்டும் பார்க்க வேண்டும்.

இருபத்தேழு வருஷம் ஊருக்கெல்லாம் பரிமாறிய அந்த மனிதருக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. ஒரு நாளாவது தான் சம்மணம் போட்டு உட்கார வேண்டும், வேறு யாராவது வந்து பரிமாற வேண்டும். மகள் கனிஷ்காவின் கல்யாணத்திலேயே பாத்திரம் கழுவும் இடத்தில் நின்றுகொண்டு தயிர் சாதம் சாப்பிட்டவர் அவர்.

காட்டூர் பள்ளிக்கூடம் ஒன்றில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்த ஜெபராஜ் வருஷா வருஷம் ஆட்களை இமயமலைக்குக் கூட்டிப் போகிறவர். ஒரு கல்யாணப் பந்தியில் மோருக்குக் கை நீட்டியபடியே, இந்தத் தடவை லடாக்கில் ஆறாயிரம் மீட்டருக்கு மேலே ஒரு சிகரம் ஏறப்போவதாகச் சொன்னார். சமையலுக்கு ஆள் உண்டு, உட்கார்ந்த இடத்துக்குச் சாப்பாடு வரும், தட்டைக்கூடக் கழுவ வேண்டாம் என்றார். ராசப்பன் அங்கேயே பெயர் கொடுத்துவிட்டார். சிகரம் என்ன உயரம் என்பதை அவர் சரியாகக் காதில் வாங்கவில்லை.

வீட்டில் மனைவி செல்லக்கிளி விடவில்லை. “உக்காந்து சாப்பிடணும்னா நான் போட மாட்டேனா? அதுக்கு எதுக்கு ஆறாயிரம் மீட்டரு?”

“நீ போட்டா ரசம் எடுக்க நானே எழுந்து போயிடுவேன். கை கேக்காது,” என்றார் அவர். அது உண்மைதான் என்பதால் செல்லக்கிளி மேலே பேசவில்லை.

ஆறு மாதம் தினமும் காலையில் பதினைந்து கிலோ அரிசிப் பையை முதுகில் கட்டிக்கொண்டு மலைக்கோட்டைப் படி ஏறினார். யார் வீட்டு அன்னதானம் என்று வழியெல்லாம் கேட்டார்கள். பதில் சொல்லி மாளாமல் ஒரு நாள் அந்த அரிசியைப் பொங்கி நிஜமாகவே அன்னதானம் போட்டார். அன்றும் அவர்தான் பரிமாறினார்.

லடாக்கில் அடிவார முகாம் போய்ச் சேர்ந்தபோது ராசப்பனையும் சேர்த்துத் திருச்சிக்காரர்கள் எட்டுப் பேர், வழிகாட்டி நஸ்ருல்லா ஒருவர், ஆக ஒன்பது. சமையல்காரர் தன் கூடாரத்தை விட்டு அதிகம் வெளியே வருவதில்லை, அவர் கணக்கில் இல்லை. நஸ்ருல்லா கார்கில் பக்கத்து ஆள். அதிகம் பேச மாட்டார். காலை, மதியம், சாயங்காலம் மூன்று வேளையும் தலை எண்ண வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் போட்ட சட்டம். எண்ணுவதற்கு எங்களிடம் ஆள் இருக்கிறது என்று ஜெபராஜ் பெருமையோடு ராசப்பனை முன்னால் தள்ளிவிட்டார். குல்லாயும் கறுப்புக் கண்ணாடியும் மூக்கு வரை மப்ளருமாக யார் யாரென்றே தெரியாத கூட்டத்தை ராசப்பன் ஒரு பார்வை பார்த்தார்.

“ஒன்பது.”

முதல் நாள் சாயங்காலம் சூப் வந்தது. ராசப்பன் சம்மணம் போட்டு, மடியில் துண்டு விரித்து, கண்ணை மூடிக் காத்திருந்தார். கண்ணைத் திறந்தபோது தட்டில் டம்ளர் இல்லை. ஒன்பது ஊற்றினேன் என்று சமையல்காரர் சத்தியம் செய்தார். ராசப்பன் தலைகளைப் பார்த்தார், ஒன்பது. கணக்கு சரி, ஆனால் சூப் இல்லை. அவசரத்தில் எட்டுத்தான் ஊற்றியிருப்பார் என்று பெருந்தன்மையாக மன்னித்து, நாளையிலிருந்து ஒன்று கூடவே ஊற்றச் சொன்னார்.

மறுநாள் பத்து டம்ளர் வந்தது, பத்தும் காலியானது. அங்கேதான் வினை ஆரம்பித்தது. ஒன்பது பேருக்குப் பத்து டம்ளர் எப்படிச் செலவாகும் என்று சமையல்காரர் நஸ்ருல்லாவிடம் போய்ச் சொன்னார். எல்லார் பார்வையும் பாலு மேல் விழுந்தது. பாலு பொன்மலைக்காரர், ரயில்வேயில் வேலை, ஆள் பெரிய உடம்பு. பாவம், அவமானத்தில் முகம் சிவந்துபோய் மறுவேளை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அந்த வேளையும் ஒரு டம்ளர் கூடுதலாகத்தான் காலியாகித் திரும்பி வந்தது.

இதைச் சரிசெய்ய ராசப்பனே கரண்டியை எடுத்தார். வரிசையாக உட்காரவைத்து அவரே பரிமாறினார். ஒன்பது தட்டு, ஒன்பது ஆள், ஒன்றும் குறையவில்லை, ஒன்றும் மிஞ்சவில்லை. எல்லாரும் முடித்த பிறகு பாத்திரத்தின் அடியில் ஒட்டியதை வழித்துச் சாப்பிட்டார். உட்கார்ந்து சாப்பிட வந்தவர் பன்னிரண்டாயிரம் அடிக்கு மேலும் கரண்டியோடு நிற்கிறோமே என்று அவருக்கே வெட்கமாக இருந்தது.

ஆனால் நஸ்ருல்லாவின் முகம் தெளியவில்லை. சாப்பாட்டுக் கூடாரத்துக்கு வெளியே கழற்றிவிட்ட பூட்ஸ்களை அவர் தனியாக எண்ணியிருக்கிறார். பத்து ஜோடி இருந்ததாம். பத்தாவது ஜோடிமேல் மட்டும் பனி உருகாமல் அப்படியே உட்கார்ந்திருந்ததாம்.

“செருப்பை எண்ணக் கூடாதுங்க. எந்தக் கல்யாண வீட்டுலயும் செருப்புக் கணக்கு சரியா வந்ததே இல்ல,” என்றார் ராசப்பன். ஜெபராஜ் அதை இந்தியில் சொன்னார். நஸ்ருல்லா சிரிக்கவில்லை.

சிகரம் ஏறவேண்டிய அன்று விடியற்காலை நஸ்ருல்லா எல்லாரையும் நிற்கவைத்தார். எண்ணிக்கை ஒன்பதாக இருந்தால் மேலே போகலாம், இல்லையென்றால் இங்கிருந்தே திரும்பிவிட வேண்டியதுதான் என்றார். பத்தாக இருந்தால்தான் என்ன என்று ஜெபராஜ் கேட்டுவிட்டார். நஸ்ருல்லா சொன்ன பதிலைத் தமிழில் சொல்லும்போது ஜெபராஜின் குரல் இறங்கிவிட்டது.

“ஒருத்தர் குறைஞ்சா தேடிப் போகலாமாம். ஒருத்தர் கூடினா யாரைத் திருப்பி அனுப்புறதுன்னு கேக்குறாரு.”

முசிறியிலிருந்து ஒரு வருஷமாகத் தினமும் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து மலைக்கோட்டை ஏறிப் பழகிய நர்ஸ் யமுனா அழுதுவிட்டாள். இந்த ஒரு நாளுக்காகத்தான் அத்தனையும் என்றாள். ராசப்பனுக்கும் ஒரு நஷ்டம் இருந்தது. சிகரத்தில் எல்லாரையும் உட்காரவைத்து நஸ்ருல்லா தன் கையால் டீ ஊற்றிக் கொடுப்பது வழக்கம் என்று கேள்விப்பட்டிருந்தார். அங்கே நிச்சயம் கரண்டி தன் கைக்கு வராது என்று அவர் நம்பியிருந்தார்.

எல்லாரும் அவரையே பார்த்தார்கள். அவர் மூன்று தடவை எண்ணினார். அவருடைய இருபத்தேழு வருஷத்தில் ஒரு கூட்டத்தை மூன்று தடவை எண்ணியது அன்றுதான்.

“ஒன்பது. மாத்தமே இல்ல.”

நஸ்ருல்லா நெஞ்சில் கை வைத்துப் பெருமூச்சு விட்டார். புறப்பட்டார்கள்.

ஒன்பது பேருக்கென்று கயிற்றில் ஒன்பது வளையம் போட்டிருந்தது. ஆளுக்கொன்றாக மாட்டிக்கொண்டு போக, கடைசியில் நின்ற ராசப்பனுக்கு வளையம் இல்லை. இதென்ன புதுசா என்று நினைத்து, கயிற்றின் வாலைச் சாமியானா கட்டும் முடிச்சாக இடுப்பில் போட்டுக்கொண்டார். ஏழு மணி நேரம் ஏறினார்கள். மூச்சு முட்டியது, கால் வரவில்லை, நாலு அடிக்கு ஒரு தடவை நின்றார். அவருக்கு நேர் முன்னால் பாலு போய்க்கொண்டிருந்தார். அத்தனை பெரிய உடம்பு, ஒரு தடவைகூட மூச்சு வாங்கவில்லை, ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ராசப்பன் நின்றால் முன்னாலிருப்பவரும் நிற்பார், ராசப்பன் கிளம்பினால் அவரும் கிளம்புவார். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டேதான் ராசப்பன் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தார். பின்னால் அதற்காக நன்றி சொன்னபோது, தான் நஸ்ருல்லாவுக்கு அடுத்தபடியாக முன்னால் போனதாகப் பாலு சொன்னார். உயரம் போனால் மூளை குழம்பும் என்று டாக்டர்கள் சொல்வது சரிதான் என்று ராசப்பன் நினைத்துக்கொண்டார். பாலுவின் மூளையைத்தான் நினைத்தார்.

உச்சியில் காற்று நின்றிருந்தது. வரிசையாக உட்கார்ந்தார்கள். ராசப்பன் பனியில் சம்மணம் போட்டார். எட்டுப் பேருக்கு எட்டுக் காகிதக் கப், தனக்கு பிளாஸ்க் மூடி என்று நஸ்ருல்லா கொண்டு வந்திருந்தார். ஒவ்வொருவராக ஊற்றிக் கொடுத்துக்கொண்டே ராசப்பனிடம் வந்தபோது கப் தீர்ந்துவிட்டது.

நஸ்ருல்லா தன் வெறுங்கையைப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார். பிறகு வரிசையின் பக்கம் திரும்பாமல், பிளாஸ்க் மூடியில் இருந்த டீயை மண்டிபோட்டு ராசப்பன் கையில் கொடுத்தார். கொடுக்கும்போதே பாதி சிந்திவிட்டது. மிச்சம் ஒரு வாய்தான் இருக்கும், ஆறியும் போயிருந்தது. ஆனாலும் ஒருத்தர் கையால் உட்கார்ந்து வாங்கிக் குடித்த அந்த ஒரு வாய்க்கு ராசப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது.

விடைபெறும்போது நஸ்ருல்லா ராசப்பனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, ஊருக்குப் போய் வீட்டில் ஒரு தடவை எண்ணிப் பார்க்கச் சொன்னார். நல்ல மனுஷன், கணக்கில்தான் வீக் என்று ராசப்பனுக்குத் தோன்றியது.

திருச்சி ஜங்ஷனில் இறங்கி, தெரிந்தவரான தாஹாவின் ஆட்டோவில் வீட்டுக்கு வந்தார். இறங்கியதும் தாஹா பின்சீட்டைத் திரும்பிப் பார்த்து, கூட வந்தவர் எங்கே இறங்கணும் என்று கேட்டார். முதுகுப் பை அத்தனை பெரிசு, தாஹாவுக்குக் கேலி. ராசப்பனும் சிரித்துக்கொண்டே அதை இறக்கி உள்ளே கொண்டுபோனார்.

மண்டபத்தில் கதை முடிந்தபோது மத்தியானம் மூன்று மணி தாண்டியிருந்தது. வெளியே சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. உள்ளே யாரோ ஃபேனை நிறுத்தச் சொன்னார்கள், குளிர்கிறதாம்.

“ஆறாயிரம் மீட்டர்லயும் என் கணக்கு தப்பல,” என்று ராசப்பன் எழுந்தார். வரிசையை ஒரு பார்வை பார்த்தார். “இங்கயும் பாரு. பதின்மூணு.”

செல்வமேரி கொஞ்சம் தயங்கினாள். “அண்ணே, ஒண்ணு கேக்கலாமா? இத்தனை வருஷமா இதே ஆளுங்க வேலைக்கு வர்ற நாள்ல நீங்க பன்னண்டுன்னுதான் சொல்லுவீங்க. பரிமாறுறவரு தன்னை எண்ண மாட்டாருன்னு நானா ஒரு இலை கூடப் போட்டு வைப்பேன். மலைக்குப் போயிட்டு வந்ததிலேருந்து பதின்மூணுங்கிறீங்க. சரி, இப்பவாவது தன்னையும் ஒரு ஆளா சேர்த்து எண்ணுறாரேன்னு சந்தோஷப்பட்டு, கூடப் போடறத நிறுத்திட்டேன்.”

“நான் எதுக்கு என்னைச் சேர்க்கணும்? பரிமாறுறவனைச் சேர்த்து எண்ணுறது எந்தப் பந்தியில உண்டு?”

சொல்லி முடித்த பிறகுதான் அவர் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. கையில் ரச வாளி ஜில்லென்றிருந்தது. வரிசையின் கோடியில் வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு தலை, நிமிராமல், சாதத்தை நடுவில் குழித்து வைத்துக்கொண்டு ரசத்துக்குக் காத்திருந்தது.

செல்வமேரி இலையிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

“அப்ப மலையிலயும் உங்களை விட்டுட்டுத்தான் ஒன்பதுன்னு எண்ணினீங்களா அண்ணே?”