என் தர்பூசணியைப் பாராட்டியதைத் திரும்பப் பெறக் கோரி

'கோடும் கட்டமும்' காலாண்டிதழின் ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் மீதும் தங்கள் இல்லத்தார் மீதும் சாந்தி நிலவட்டும். தங்கள் இதழ் கெய்ரோவின் எல்லா நடைபாதைக் கடைகளிலும் தொங்குகிறது. யாராவது அதை வாங்கவும் வேண்டும் என்பது என் பிரார்த்தனை.

சில வாரங்களுக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை, தேநீர் ஆறிப்போகும்வரை யோசித்து, நாளிதழின் கடைசிப் பக்கத்தில் வாரந்தோறும் நான் வரையும் சித்திரக்கதையின் கட்டங்களுக்கு இனி ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண் போடுவதென முடிவு செய்தேன். மனைவியிடம் அறிவித்தேன். முலூக்கியாக் கீரை நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி எடுத்து நறுக்கினாள்.

இந்த நிலைக்கு என்னைக் கொண்டுவந்தவர் தங்கள் விமர்சகர் டாக்டர் மித்ஹத் கோர்ஷித். கோடைக்கால இதழில் அவர் புகழ்ந்து தள்ளியிருக்கும் என் கதை இதுதான்: அஃபீஃபி என்ற குமாஸ்தா தர்பூசணி வாங்குகிறார். "வெட்டிக் காட்டணுமா? என் வார்த்தையையே சந்தேகப்படுறீங்களா?" என்று வியாபாரி மனம் நோகவே, வெட்டாமலே வாங்கிவிடுகிறார். லிஃப்ட் ஓடவில்லை, மாடிமாடியாகச் சுமக்கிறார். அறுத்தால் உள்ளே சுண்ணாம்பு வெள்ளை. பால்கனியிலிருந்து வீசுகிறார், வியாபாரியின் தலையில் விழுகிறது. காவியம் என்று நான் சொல்லவில்லை. சிரிப்பு வரும், அவ்வளவுதான். எங்கள் பக்கத்தை அமைக்கும் பஸ்யூனி முன்பு ஐரோப்பியச் சித்திரக்கதைகளை அரபியில் வெளியிடும் பதிப்பகத்தில் இருந்தவர். இடமிருந்து வலமாக ஓடும் கட்டங்களை நம் வாசகருக்காக வலமிருந்து இடமாகத் திருப்புவதுதான் அங்கே அவர் தொழில். கை பழகிவிட்டது. பிறந்ததிலிருந்தே வலமிருந்து இடமாகப் போகும் என் கதையையும் திருப்பிவிட்டார். போய்ச் சத்தம் போட்டேன். "ஏன் உஸ்தாத் கத்துறீங்க? நாலு கட்டமும் இருக்கா இல்லையா? ஒண்ணு குறைஞ்சா என்னைக் கேளுங்க" என்றார்.

அச்சில் முதலில் வியாபாரியின் தலை உடைந்தது. பிறகு வெள்ளைப் பழம், பிறகு மாடிப்படி, கடைசியில் அஃபீஃபி முகமெல்லாம் மலர்ந்து பழம் வாங்கினார். இதைத்தான் டாக்டர் 'விளைவை அறிந்தும் வாங்கப் போகும் குடிமகனின் பின்னோக்கிய காலம்' என்கிறார். பின்னணியின் வெறுமையை சூஃபி மௌனம் என்கிறார். அங்கே நான் ஒரு முழுத் தெருவையே வரைந்திருந்தேன். குளியலறை ஓடு விளம்பரத்துக்காக அதை வெட்டினார்கள். காப்பிக் கடையில் டாக்டரைப் பிடித்து நடந்ததைச் சொன்னேன். அவர் ஹூக்காவை இழுத்தபடி, "வகீஹ், வரைஞ்சவன் சொல்றத நம்பக்கூடாது. எங்க துறையில அதான் முதல் பாடம்" என்றார். பென்சில் சீவக்கூடத் தெரியாதவருக்கு முதல் பாடமாவது தெரிந்திருக்கிறதே என்று திரும்பினேன்.

அலுவலகத்தில் எங்கள் நாளிதழின் ஆசிரியர் அத்லி பே அவர்களின் மேசைமேல் தங்கள் இதழ் கிடந்தது. "நீ என்ன வரைஞ்சேன்னு உனக்கே தெரியலப்பா. டாக்டருக்குத் தெரிஞ்சிருக்கு. இனிமே எல்லாம் பின்னாலேர்ந்துதான்" என்றார். நான் போட்ட எண்களையும் அழிக்கச் சொன்னார். "நம்பர் போட்டு விளக்குறதுக்கு இது என்ன பல் தேய்க்கிற பாடமா?" அன்றிலிருந்து சிரிப்பை முதல் கட்டத்தில் முடித்துவிட்டு, மீதி மூன்றில் அதற்கான காரணத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன். ஷுப்ரா பகுதியிலிருந்து ஓர் அம்மாள் தொலைபேசியில், "தம்பி, உங்களுக்குப் பக்கவாதமாமே? எந்தக் கை?" என்று விசாரித்தார். இப்படிப்பட்ட விசாரிப்புகள் பெருகியதும் அதே அத்லி பே, "ஜனங்களுக்குப் புரியலன்னா அந்த இடத்தை வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன்" என்கிறார். அவர் சொன்னபடி வரைந்தால் இடம் போகும். நான் நினைத்தபடி வரைந்தால் டாக்டரை அவமதித்ததாகும். அந்தக் கடைசிப் பக்கத்து மூலையைத் தவிர இந்த நகரத்தில் என் பெயர் எழுதிய இடம் வேறு கிடையாது.

ஆகவே, அந்தப் பாராட்டு தவறுதலாக வழங்கப்பட்டது, படைப்பாளி அதற்குத் தகுதியானவர் அல்லர் என்று அடுத்த இதழில் தெளிவாக அறிவிக்குமாறு வேண்டுகிறேன். டாக்டருக்கு ஆயுளும், தங்கள் இதழுக்குக் காகிதமும், இருவருக்கும் படம் பார்க்கும் கண்ணும் இறைவன் அருளட்டும்.

இப்படிக்கு,
வகீஹ் தமர்தாஷ்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் அல்ஜியர்ஸ் சித்திரக்கதை விழாவிலிருந்து அழைப்பு வந்தது. 'அஃபீஃபியும் பின்னோக்கிய காலமும்' என்ற தலைப்பில் நான் உரையாற்ற வேண்டுமாம். ஒப்புக்கொண்டேன். மேலே உள்ளதைத் தயவுசெய்து பிரசுரிக்க வேண்டாம். டாக்டரின் கட்டுரையை மட்டும் இன்னொரு பிரதி அனுப்புங்கள். மனப்பாடம் செய்ய வேண்டும். விழா ஒரு வாரம். அந்த வாரம் என் இடத்தில் ராசிபலன் வரும். ராசிபலன்காரர் அடுத்த ரமலான் வரைக்குமான பலன்களை இப்போதே எழுதிக் கொடுத்திருக்கிறார்.