நாற்பத்து மூன்றாம் நம்பர் தாய்மாமன்

சொந்தக்காரர்களை வரிசைப்படுத்தக் கூடாது என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியவில்லை. காரணம், நான் அப்போது எம்.சி.ஏ. கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ இருக்கும். லாஸ்பேட்டை அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா கிளார்க். கலா அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அதற்கு முன் இரண்டு இடம் ஏதேதோ காரணத்தால் தட்டிப்போய், அம்மா வேண்டாத சாமியில்லை என்கிற நிலையில் அமைந்த கல்யாணம். அந்த வீட்டில்தான் நான் ஹாஸ்கெல் என்ற கம்ப்யூட்டர் மொழியைப் படித்து, அதில் ப்ராஜெக்ட் செய்கிறேன் என்று தலைகால் புரியாமல் திரிந்தேன். (அந்த மொழி தெரிந்தவர்கள் பாண்டிச்சேரியிலேயே நாலு பேர்தான் இருப்பார்கள் என்பது என் கணக்கு. மற்ற மூன்று பேரை நான் பார்த்ததில்லை.)

என் ப்ராஜெக்ட்டே வரிசைப்படுத்துவது பற்றித்தான். ஹாஸ்கெல்லில் டைப் கிளாஸ் என்று ஒன்று உண்டு. சங்கத்தில் உறுப்பினராவது மாதிரி. 'ஆர்ட்' (ஆர்டர் என்பதன் சுருக்கம்) என்ற சங்கத்தில் சேர வேண்டுமானால் ஒரு நிபந்தனை: எந்த இரண்டு பொருளைக் கொடுத்தாலும், இது முந்தி, அது முந்தி, அல்லது இரண்டும் சமம் என்று மூன்றில் ஒரு பதிலைச் சொல்லியாக வேண்டும். முழிக்கக் கூடாது. ஆனால் உலகத்தில் ஒப்பிடவே முடியாத ஜோடிகளும் இருக்கின்றனவே? அவற்றுக்காக 'ஒப்பிட முடியாது' என்ற நாலாவது பதிலையும் அனுமதிக்கிற தனிச் சங்கம் ஒன்றை எழுத வேண்டும். பகுதி வரிசைக்கான டைப் கிளாஸ். அதுதான் எனக்குக் கொடுத்த வேலை.

எழுதினேன். நன்றாகவே எழுதினேன். பிரச்சினை என்னவென்றால், ரெடிமேடாகக் கிடைக்கும், வரிசைப்படுத்தும் சார்ட் ஃபங்ஷன் ஆர்ட் சங்கத்து ஆட்களை மட்டும்தான் உள்ளே விடும். நாலாவது பதிலைக் காட்டினால், எழுதியதைச் சரிபார்க்கும் கம்பைலர் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடும். நான் என்ன செய்தேன் தெரியுமா? நாலாவது பதில் வந்தால் 'முதலில் வந்தவரே முந்தி' என்று மாற்றிச் சொல்லும்படி ஒரே ஒரு வரி சேர்த்தேன். கம்பைலர் வாயை மூடிக்கொண்டது. என் கைடு மேடம் மட்டும் அந்த வரியைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, 'இது பொய்' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அப்போது வயது இருபத்து மூன்று, கொழுப்பு அதைவிடக் கூடுதல்.

கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்தது. கவரில் பெயர் எழுத வேண்டும். "நான் பார்த்துக்கறேன். யார் யாருக்கு எப்ப வைக்கணும்னு கம்ப்யூட்டரே வரிசை போட்டுக் குடுத்துடும்" என்றேன். அப்பா சந்தேகமாகப் பார்த்தார். ஃபீஸ் கட்டியவர் என்பதால் நம்பவும் செய்தார்.

பெயர்களை டைப் செய்ய உட்கார்ந்த நேரம், கேபிள் டிவி கணேசன் எங்கள் ஜன்னலுக்கு மேலே ஏறி ஒயர் இழுத்துக்கொண்டிருந்தான். பட்டியலில் அவன் பெயரையே முதலில் தட்டினேன். பிறகு அம்மா ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டே வந்தாள். யார் யாருக்கு மூத்தவர், எந்த முறை என்றெல்லாம் நானும் உள்ளே போட்டேன். அம்மாவின் அண்ணன் பெயர் வரவே இல்லை. "மாமா பேரு?" என்று கேட்டேன். "ஏண்டி, எங்க அண்ணன் பேரைக்கூட எழுதி வெச்சிக்கிட்டாத்தான் ஞாபகம் வருமா?" என்றாள். சரி என்று சொந்தக்காரர்களில் கடைசியாகச் சேர்த்தேன்; ஆபீஸ், அக்கம்பக்கத்துப் பெயர்கள் அதற்குப் பின்னால்.

பிரவுசிங் சென்டரில் ஸ்டிக்கர் தாளில் பிரின்ட் எடுத்து ஒட்டினேன். பெயருக்கு மேலே, மூலையில், தடித்த எழுத்தில் வரிசை எண். (யாரும் கேட்கவில்லை. அழகாக இருக்குமே என்று நானாகச் சேர்த்தது.)

இங்கே எங்கள் வீட்டு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். முதல் பத்திரிகை யாருக்கு? அப்பாவின் அண்ணன் சொல்தா பெரியப்பாவுக்கா, தேங்காய்த்திட்டில் போட் வைத்திருக்கும் தாய்மாமனுக்கா? (பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம்.) ஒருவர் அப்பா பக்கம் மூத்தவர். இன்னொருவர் மாலை போட்டுக் கைபிடித்து அழைத்து வராமல் பெண் மணவறை ஏறக் கூடாது. இதற்கு எங்கள் வீட்டில் கண்டுபிடித்திருந்த வழி: அப்பாவும் அம்மாவும் வாட்சை ஒன்றாகத் திருத்திக்கொள்வார்கள். அப்பா ஸ்கூட்டரில் பெரியப்பா வீட்டுக்கு, அம்மா ஆட்டோவில் மாமா வீட்டுக்கு. இரண்டு வாசலிலும் சரியாக ஒன்பது மணிக்குத் தட்டு நீட்டப்படும். யாரும் முந்தியில்லை, யாரும் பிந்தியில்லை. நாலாவது பதிலை அவர்கள் வருடக்கணக்காக ஆட்டோ பிடித்துச் செய்துகொண்டிருந்தார்கள். எனக்கு அது பெட்ரோல் தண்டமாகப் பட்டது.

பத்திரிகை வைக்கிற அன்று காலை பைகளை நான்தான் கட்டிக் கொடுத்தேன். கிளம்புகிற அவசரத்தில் அம்மா, "இது இன்னாடி நம்பரு?" என்றாள். "அது சும்மா, அடையாளத்துக்கு" என்று ஆட்டோவில் ஏற்றிவிட்டேன்.

மறுநாள் பெரியப்பா மீன் வாங்க தேங்காய்த்திட்டு துறைமுகத்துக்குப் போயிருக்கிறார். மாமாவைப் பார்த்ததும், "என்ன மச்சான், எனக்கு அஞ்சாம் நம்பர் போட்டிருக்காங்க. உங்களுக்குத்தான் ஒண்ணா?" என்று கேட்டு வைத்திருக்கிறார். அந்த மூலையில் இருப்பது என்னவென்று மாமா அப்போதுதான் வீட்டுக்குப் போய் எடுத்துப் பார்த்திருக்கிறார்.

நாற்பத்து மூன்று.

சாயங்காலம் மாமாவிடமிருந்து போன். அம்மா எடுத்தாள். மாமா சொன்னது ஒரே வாக்கியம்: "எனக்கு முன்னாடி இருக்கிற நாப்பத்திரண்டு பேரும் பொண்ணுக்கு மாலை போட்டு முடிக்கட்டும், பெறவு நான் வர்றேன்."

கல்யாணத்துக்கு எட்டு நாள். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அப்பா என்னைத் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அக்கா அழுதுகொண்டே வந்து, "உன் ப்ராஜெக்ட்டுக்கு என் கல்யாணந்தான் கெடச்சுதாடி? இதுவும் நின்னுபோச்சின்னா நான் இன்னா பண்ணுவேன்?" என்றாள். எனக்குச் செத்துப்போகலாம் போலிருந்தது.

மறுநாள் அப்பா ஸ்கூட்டரில் என்னை ஏற்றி மாமா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே பார்த்தால் பெரியப்பாவும் உட்கார்ந்திருக்கிறார்! இத்தனை வருடத்தில் இரண்டு பேரும் ஒரே கட்டிலில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. என் மேல் இருந்த கோபம் அவர்களை ஒன்று சேர்த்திருந்தது.

"அஞ்சாம் நம்பர்! சே பா போசிப்ல்!" என்றார் பெரியப்பா. அவருக்குக் கோபம் தலைக்கேறினால் பிரெஞ்சு வந்துவிடும். நடக்கவே முடியாத காரியம் என்று அர்த்தம்.

"உங்களுக்காவது அஞ்சு" என்றார் மாமா. "ஏலத்துல நாறின மீனைத்தான் கடைசியா விடுவாங்க. யாரும்மா அந்த ஒண்ணாம் நம்பரு? மாப்பிள்ளையோட அப்பாவா?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா ஃபேனைப் பார்த்தார்.

"கேபிள் டிவி கணேசன், மாமா."

உள்ளேயிருந்து அத்தை, "எந்த கணேசன்? மழை பேஞ்சா லைன் போயிடுமே, அவனா?" என்று கேட்டாள்.

"அவனுக்கும் நம்ம யாருக்கும் சம்பந்தமே இல்ல மாமா. அதனால யாரோட ஒப்பிட்டாலும் அது... அந்த ப்ரோக்ராம்ல... முதல்ல டைப் பண்ணவங்க முன்னாடி நின்னுடுவாங்க. கம்ப்யூட்டர்தான் மாமா..."

மாமா கையைக் காட்டி நிறுத்தினார். "கம்ப்யூட்டர் கெடக்கட்டும். நீ சொல்லு செல்வி. உனக்கு நான் பெருசா, உங்க பெரியப்பா பெருசா?"

இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள். மாமா என்று சொன்னால் அப்பா பக்கம் போச்சு. பெரியப்பா என்றால் அக்கா கல்யாணம் போச்சு. சமம் என்றால் இரண்டு பேருமே எழுந்து போய்விடுவார்கள். ஆர்ட் சங்கத்தின் மூன்று பதிலும் என் கண் முன்னால் வந்து நின்றன. ஒன்றுகூட உண்மை இல்லை.

"அப்படிக் கேக்கவே கூடாது மாமா" என்றேன். அழுகை வந்துவிட்டது. "உங்களையும் அவரையும் ஒப்பிட முடியாது. எனக்கு அது தெரியும். ப்ரோக்ராமுக்கும் தெரியும், அது சரியாத்தான் சொல்லிச்சி. நான்தான் வேலை சீக்கிரம் முடியணும்னு அதைப் பொய் சொல்ல வெச்சேன். கம்ப்யூட்டர் மேல தப்பில்ல. நான்தான் மாமா."

மாமா பெரியப்பா பக்கம் திரும்பி, "கேட்டீங்களா? மிசினு ஒழுங்காத்தான் இருந்துருக்கு. நம்ம வூட்டுப் பொண்ணுதான் கெடுத்துருக்கா" என்றார். பெரியப்பா மீசைக்குள் சிரித்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஆனால் தண்டனை இல்லாமல் விடவில்லை. வீட்டில் மிச்சமிருந்த பழைய கவர்களை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, இருநூற்றுச் சொச்சம் கவரிலும் என் கையால் பெயர் எழுதினேன். எந்த மூலையிலும் எந்த நம்பரும் கிடையாது. அப்பாவும் அம்மாவும் மறுபடி வாட்சைத் திருத்திக்கொண்டு, மறுபடி ஒன்பது மணிக்கு, இரண்டு வாசலில் தட்டை நீட்டினார்கள். ப்ராஜெக்ட்டிலிருந்து அந்த ஒரு வரியையும் எடுத்தேன். அதற்குப் பதிலாக எழுத வேண்டியிருந்த ஃபங்ஷனுக்கு மூன்று நாள் ஆனது. கைடு மேடம் ஒரு டிக் போட்டார், அவ்வளவுதான்.

அக்கா கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. மாமா மாலை போட்டார். கேபிள் டிவி கணேசன் மட்டும், முன்பே அவன் கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்ட, ஒன்று என்று போட்ட பழைய கவரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, முன்வரிசை நாற்காலியில் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தான். மாப்பிள்ளையின் சித்தப்பாவே வந்து கேட்டும் எழுந்திருக்கவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அம்மா குழம்பு ருசியா அத்தை குழம்பு ருசியா என்று எவராவது வாயைத் திறந்தால், "செல்விகிட்ட குடு, கம்ப்யூட்டர்ல போட்டு கணேசன் குழம்புன்னு சொல்லிடுவா" என்று ஒரு குரல் வரும். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பேன்.

நாலு வருடம் கழித்து என் கல்யாணம். மணவறைக்குப் போக நான் அலங்காரத்தோடு நிற்கிறேன். கையில் மாலையோடு மாமா வருகிறார். பட்டுச் சட்டைப் பைக்கு மேலே, ஓரம் மடங்கி அழுக்கேறிய ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. அதே தடித்த எழுத்து. நாற்பத்து மூன்று.

"ஏம்மா செல்வி, முன்னாடி இருக்கிற நாப்பத்திரண்டு பேரும் போட்டாச்சா? இப்ப நான் போடலாமா?"