வால்ட்டருக்கு ஒரு துப்பாக்கி

சேனாபதி நான்காவது தடவையாகச் சரியான விடையோடு வால்ட்டரின் அறைக்குள் போனார். நான்காவது தடவையாகப் புதுக் கேள்வியோடு வெளியே வந்தார். விடை சரியாக இருக்க இருக்க கேள்வி ஏன் மாறிக்கொண்டே இருக்கிறது என்பதுதான் அவருக்குப் புரியவில்லை.

"இப்ப என்னவாம்?" என்று கேட்டார் வால்ட்டரின் செக்ரட்டரி அனந்தலக்ஷ்மி.

"தோள் வலிக்குமாம், ஆன்ட்டி."

"போன வாரம்?"

"போன வாரம் தோளைப் பத்தி கவலையே இல்லை. எல்க் மான் விழாதுன்னார்."

அனந்தலக்ஷ்மி எதுவோ சொல்ல வாயெடுத்தார். போன் அடித்தது.

பிளெய்ன்ஸ்பரோவில் ஒரு மருந்து கம்பெனி. அதில் சேனாபதி வேலை பார்க்கும் புள்ளிவிவரப் பிரிவுக்கு வால்ட்டர் தலைவர். பென்சில்வேனியாவில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் அவருடைய மாமனார் வருஷா வருஷம் நவம்பரில் மருமகனை வேட்டைக்குக் கூப்பிடுவார். வால்ட்டரிடம் துப்பாக்கி கிடையாது. மானுக்கும் கரடிக்கும், கொலராடோ வரை போனால் எருமைக்கிடா அளவிருக்கும் எல்க் மானுக்கும் சேர்த்து ஒரே துப்பாக்கி, ஒரே தோட்டா எது என்று கண்டுபிடிக்கும் வேலை, தொண்ணூற்றேழு பிப்ரவரியில் சேனாபதி தலையில் விழுந்தது. அதற்கு முந்தின நாள் மதியச் சாப்பாட்டில் வால்ட்டர், "ஒரு கார் வாங்க நீ பதினாலு மாசம் யோசிச்சியாமே, நிஜமா?" என்று மிகுந்த ஆவலோடு விசாரித்திருந்தார். சேனாபதிக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அவர் வாழ்க்கையில் கிட்டத்தில் பார்த்த ஒரே துப்பாக்கி, கோபிசெட்டிபாளையத்தில் பேங்க் வாட்ச்மேன் மடியில் கிடந்தது. ஆனாலும் மறுக்க வழியில்லை. அவருடைய கிரீன் கார்டுக்கான கம்பெனி லெட்டர் வால்ட்டரின் டிரேயில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. அது சீக்கிரம் போகாவிட்டால் குடும்பத்தோடு பெட்டி கட்ட வேண்டியதுதான்.

"ஏனுங்க, இன்னுமா அந்தத் துப்பாக்கி?" என்றாள் மனைவி கலாவதி.

"தர்ட்டி ஆட் சிக்ஸ்தான் கலா, சந்தேகமே இல்லை. தர்ட்டிங்கறது குண்டோட அகலம், ஒரு இஞ்சை நூறு பங்கு போட்டா அதுல முப்பது. சிக்ஸ்ங்கறது அது வந்த வருஷம், 1906. இதுல அழகே என்னன்னா, துப்பாக்கி ஒண்ணு, குண்டை மட்டும் மாத்திக்கலாம். மானுக்கு லேசு, எல்க்குக்குக் கனம். நம்ம கிரைண்டர்ல இட்லிக்கும் அரைக்கறோம், அடைக்கும் அரைக்கறோமில்ல?"

"அந்தக் கிரைண்டரைப் பொறுக்கறதுக்கு எட்டு மாசம் ஆச்சுங்க. அதுவரைக்கும் மிக்சியில அரைச்சவ நானு."

"கனமான குண்டு முன்னாடி பாஞ்சா, துப்பாக்கி பின்னாடி தோளை இடிக்கும். துப்பாக்கியே கனமா இருந்தா இடி குறையும். ஆனா மலையில தூக்கிட்டு நடக்கணும். இதுக்கு நடுவுல ஒரு இடம் இருக்கு பாரு, அதைப் பிடிக்கறதுதான்..."

"லெட்டர்ல கையெழுத்துப் போட்டாருங்களா?"



தோள் வலிக்கக் கூடாது என்பதற்காக வால்ட்டரிடம் டூ செவன்ட்டி தோட்டா என்றார் சேனாபதி. குண்டு லேசு, நேராகப் போகும். "எல்க்குக்குப் போதுமா?" என்றார் வால்ட்டர். எல்க் விழ வேண்டும் என்று வெடிமருந்து கூடுதலாக அடைத்த மேக்னம் தோட்டா ஒன்றைச் சொன்னார். "என் தோளை மறந்துட்டியே" என்றார் வால்ட்டர். ஒவ்வொரு விடைக்கும் லெட்டர் டிரேயில் இன்னும் கொஞ்சம் கீழே போயிற்று.

தன் விளக்கத்தில்தான் குறை என்று முடிவு செய்தார் சேனாபதி. அக்டோபரில் ஒரு சனிக்கிழமை பென்சில்வேனியாவுக்கு டிரைவ் பண்ணிப் போய், வாடகைத் துப்பாக்கிகளில் தானே சுட்டுப் பார்த்தார். நீலம் பாரித்த தோளோடு திரும்பி, நாற்பத்திரண்டு பக்க அறிக்கை எழுதினார். தர்ட்டி ஆட் சிக்ஸ், பின்னால் ஒரு ரப்பர் மெத்தை, நாலு கிலோவுக்குக் கொஞ்சம் கீழே எடை. தோள், எல்க், கரடி, காற்று, மழை எல்லாவற்றுக்கும் அட்டவணை இருந்தது. கேட்பதற்கு இனி ஒரு கேள்வியும் மிச்சமில்லை.

வால்ட்டர் பக்கங்களைப் புரட்டினார். பதினேழாம் பக்கத்தில் காகித விளிம்பு அவர் விரலைக் கீறி, ஒரு சொட்டு ரத்தம் வந்தது. முகம் வெளுத்து, கண்ணை மூடி, நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

"அசந்துட்டார் ஆன்ட்டி!" என்று வெளியே வந்து சொன்னார் சேனாபதி.

ஆனால் கையெழுத்து வரவில்லை. ஒரு வாரம் வால்ட்டர் அவர் கண்ணில் படாமலே நடமாடினார். 'அனுபவமுள்ளவர் ஒருவர் ஆமோதித்தால் நம்புவார்' என்று நினைத்த சேனாபதி, வால்ட்டரின் சுவரில் தொங்கிய ஹார்டுவேர் கடைக் காலண்டரிலிருந்து மாமனாரின் ஃபேக்ஸ் நம்பரை எடுத்து, நாற்பத்திரண்டு பக்கத்தையும் அனுப்பிவைத்தார்.

மறுநாள் காலை பதில் வந்தது. 'பிரமாதம். நீர் சொன்னபடியே ஒன்று என்னிடம் சும்மா கிடக்கிறது. வரும் வெள்ளிக்கிழமை நானே வந்து மாப்பிள்ளையை அழைத்துப் போகிறேன்.'

அதை முதலில் படித்தவர் வால்ட்டர். இப்போது அவர் அறைக் கதவு சாத்தியிருந்தது.

"மேஜையில தலையை வச்சுப் படுத்திருக்கார்" என்றார் அனந்தலக்ஷ்மி. "என்ன பண்ணி வச்சிருக்கீங்க சேனாபதி?"

"சரியான விடையைத்தானே ஆன்ட்டி அனுப்பினேன்?"

"பதினேழாம் பக்கத்துல ஒரு பெரிய தப்பு இருக்கு, மறுபடியும் முதல்லேர்ந்து பார்க்கணும், ஒரு வருஷம் ஆகும்னு அந்தப் பெரியவருக்கு உடனே ஒரு ஃபேக்ஸ் போடுங்க. நாளைக்குக் காலையில கையெழுத்தோட லெட்டர் உங்க டேபிள்ல இருக்கும்."

"தப்பே இல்லையே! மூணு தடவை சரிபார்த்தேனே!"

அனந்தலக்ஷ்மி கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"ரத்தத்தைப் பார்த்தா மயங்கி விழற மனுஷன், சேனாபதி. ஏழு வருஷமா 'எந்தத் துப்பாக்கின்னு இன்னும் முடிவாகலை'ன்னு சொல்லித்தான் மாமனார்கிட்டேர்ந்து தப்பிச்சிட்டிருக்கார். 'எவ்வளவு நாளானாலும் ஒரு முடிவுக்கு வராத ஆள் நம்ம டிபார்ட்மென்ட்ல யாராவது உண்டா'ன்னு அவர் என்னைக் கேட்டப்ப, நான்தான் உங்க பேரைச் சொன்னேன்."