இருபத்தெட்டுப் பிள்ளைகளுக்கு ஏழு நாள் லீவு

பிறந்தவை இருபத்தெட்டு. சுகுமாறனிடம் பாக்கியிருந்த லீவோ பூஜ்யம்.

வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், ஒரு காலை மட்டும் காற்சட்டைக்குள் விட்டபடி கண்ணாடித் தொட்டியை எட்டிப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான். மகாராணி பெற்றெடுத்திருந்தாள். மகாராணி என்பது அவன் வளர்க்கும் கருந்தேள். உள்ளங்கை நீளம் இருப்பாள். அவள் முதுகு முழுக்கச் சோற்றுப் பருக்கையை அப்பியதுபோல வெள்ளை வெளேரென்று குட்டிகள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று வழுக்கி விழுந்தது. சில்வண்டை ஒரே அமுக்கில் நொறுக்கும் இடுக்கியை மகாராணி மெல்லத் தாழ்த்தி வைத்தாள். குட்டி அதில் தொற்றி ஏறி மறுபடி முதுகுக்குப் போய்ச் சேர்ந்தது.

"அடி என் தங்கமே!" என்றான் சுகுமாறன். கண்ணே கலங்கிவிட்டது.

ஆனால் கலங்கிக்கொண்டிருக்க நேரமில்லை. குட்டிகள் முதல் தோல் உரித்துக் கீழே இறங்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதுவரை தொட்டி அதிரவே கூடாது. அரண்டுபோனால் பெற்றவளே பிள்ளைகளைத் தின்றுவிடுவாள். மலேசியாவின் கிள்ளான் நகரில் அவன் குடியிருந்த அடுக்குமாடியில், சரியாக மேல்வீட்டில் அந்த வாரம்தான் தரையை உடைத்து டைல்ஸ் மாற்றிக்கொண்டிருந்தார்கள். யாராவது வீட்டிலிருந்து, அந்த வேலையாட்களைக் கெஞ்சிக் கூத்தாடித் தடுத்தாக வேண்டும். மனைவி ராஜினியிடம் சொல்லிப் பிரயோஜனமில்லை. பிரிக்பீல்ட்ஸ் சேலைக் கடையில் அவளுக்கு வேலை. அதோடு, "அந்தச் சனியன ரூம விட்டு வெளிய எடுங்க, சில்வண்டு நாத்தம் கொமட்டுது" என்று ஒரு மாதமாகவே அவள் எரிந்து விழுந்துகொண்டிருந்தாள்.

ஒரே ஓர் ஆறுதல், கொஞ்ச நாளாக அவளே தொட்டிப் பக்கம் போய் நிற்க ஆரம்பித்திருந்தாள். மூடியருகே குனிந்து, ஈரத் தேங்காய்நார்த் தூளின் வாசத்தை இழுத்து மூச்சு விடுவாள். கேட்டால், "சும்மாதான்" என்பாள். மகாராணியின் அழகு யாரைத்தான் விட்டது என்று சுகுமாறன் பூரித்துப்போனான்.

போர்ட் கிள்ளானில் லோரி அனுப்பும் கம்பெனியில் அவனுக்கு அட்டவணை போடும் வேலை. முதலாளி ஹாசிம் நல்ல மனிதர்தான். ஆனால் தேளுக்குப் பிரசவம் என்று லீவு கேட்டால் எந்த நல்ல மனிதர் கொடுப்பார்? வாட்ஸாப்பில் விரல் தானாகவே தட்டிவிட்டது:

'பாஸ், வைஃப் டெலிவரி ஆயிட்டாங்க.'

அனுப்பிய பிறகுதான் நெஞ்சுக்குள் சுருக்கென்றது. கல்யாணமாகி எட்டு வருடம். ஏறாத கிளினிக் இல்லை. மருத்துவர்கள் கைவிரித்த பிறகு, அந்தப் பேச்சையே எடுப்பதில்லை என்று இருவரும் முடிவு செய்து மூன்று வருடமாகிறது. பொய்யை எங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறான், பாருங்கள்!

உடனே ஹாசிம் கூப்பிட்டார்.

"சுகு! அப்பாமாருக்கு ஏழு நாள் லீவு இருக்கு, எடுத்துக்க. ஆனா மாசமா இருக்கறத ஒரு வார்த்த சொல்லலியே லா?"

"கண்ணு பட்டுடும்னுதான் பாஸ்..."

"சரிதான். என்ன கொழந்த?"

சுகுமாறன் தொட்டியைப் பார்த்தான். "இன்னும் தெரியல பாஸ்."

"பொறந்துருச்சு, தெரியலயா?"

"இல்ல, பொண்ணு! பொண்ணு பாஸ்!"

"எத்தன கிலோ?"

"கொஞ்சம்... ரொம்பச் சின்னது பாஸ்."

அந்த ஒரு வார்த்தை வினையாய்ப் போனது. மத்தியானத்துக்குள் கம்பெனி முழுக்கக் குறைமாதக் குழந்தை என்று பரவிவிட்டது. லோரி டிரைவர்கள் கோயிலில் அர்ச்சனை செய்து பிரசாதத்தைப் படமெடுத்து அனுப்பினார்கள். ஹாசிம் பள்ளிவாசலில் துவா கேட்டார். பதறிப்போன சுகுமாறன், 'இப்ப ரொம்ப நல்லா இருக்கு, வீட்டுக்கே கூட்டிட்டு வந்துட்டோம்' என்று எழுதினான். அதைவிட அனுப்பாமலே இருந்திருக்கலாம். வீட்டுக்கு வந்துவிட்டால் பார்க்க வரலாம் அல்லவா?

சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணி. மேல்வீட்டு வேலையாட்களுக்கு தே தாரிக் தேநீர் வாங்கிக் கொடுத்துச் சமாதானப்படுத்திவிட்டு அவன் இறங்கி வந்தால், வாசலில் ஹாசிம் நிற்கிறார். கையில் டயப்பர் மூட்டை. பக்கத்தில் அவர் மனைவி காத்தூன் பீவி, நாலடுக்குப் பாத்திரத்தோடு.

"தம்பி, புள்ள பெத்தவளுக்குப் பூண்டுக் கொழம்பு, நல்லெண்ணெ ஊத்தி வச்சிருக்கேன். எங்க அவ?"

"தூங்குறாங்க ஆன்டி. ராத்திரி பூரா முழிப்பு."

"தூங்கட்டும், தூங்கட்டும். நான் சத்தம் போடாம புள்ளய மட்டும் பாத்துட்டு வரேன்."

"ஆன்டி, வேணாம்! ரூம்ல வெளிச்சமே படக்கூடாது. பயந்துடும்!"

"நாலு பெத்தவ நான். பேறுகாலத்துக்கு எத்தன பேரப் பாத்துக்கிட்டேன் தெரியுமா? எனக்கா சொல்லித் தர்ற?"

அவன் அறைக்கதவைக் கையை விரித்து மறித்து நின்ற அந்த நேரத்தில், வீட்டுக் கதவு திறந்தது. தோளில் பையும், வெளிறிய முகமுமாக ராஜினி உள்ளே வந்தாள். கடையில் தலைசுற்றுகிறது என்று அரை நாளில் கொமூட்டர் ரயில் ஏறி வந்திருக்கிறாள்.

காத்தூன் பீவி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "யா அல்லாஹ்! பச்சை உடம்புக்காரி வேலைக்கா போயிட்டு வரா?"

"யாருக்கு ஆன்டி பச்சை உடம்பு?" என்றாள் ராஜினி.

அதற்குமேல் மறைக்க என்ன இருக்கிறது? சுகுமாறன் அறைக்கதவைத் திறந்துவிட்டான். தலையைக் குனிந்தபடி எல்லாவற்றையும் சொன்னான்.

ஹாசிம் தொட்டிக்குள் பார்த்தார். திட்டத்தான் வாயைத் திறந்தார், ஆனால் திறந்த வாய் அப்படியே நின்றது. மகாராணி முதுகுக் கூட்டத்தோடு அசையாமல் இருந்தாள். ஒரு குட்டி விழுந்தது. இடுக்கி இறங்கியது. குட்டி ஏறியது.

"மாஷா அல்லாஹ்" என்றார் காத்தூன் பீவி மெதுவாக. "நாலக் கட்டி மேய்க்கறதுக்குள்ள எனக்கு உசிர் போச்சு. இவ இருபத்தெட்டயும் முதுகுலயே வச்சிருக்காளே! என்னா பொறுமை!"

ஹாசிமுக்குத்தான் முதலில் சுயநினைவு வந்தது. "எல்லாம் சரி. ஆனா நான் அழுது துவா கேட்டேன்டா! திங்கக்கெழம வந்து உன் சாமான எடுத்துக்கிட்டுப் போ."

சுகுமாறன் பார்த்துக்கொண்டிருந்தது ராஜினியை.

"வேற பொய்யே கிடைக்கலயா உங்களுக்கு?" என்றாள் அவள். கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். அவள் கத்தவில்லை.

"தப்புதான் ராஜி. தோணினதும் தட்டிட்டேன். அத எப்படித் திருப்பி எடுக்கறதுன்னு தெரியல."

காத்தூன் பீவி கூடத்துக்கு வந்து பாத்திரத்தைத் திறந்தார். "ஆக்கினது ஆக்கியாச்சு. யாராவது ரெண்டு வாய் சாப்பிடுங்க."

பூண்டு வாசம் கிளம்பியதுதான் தாமதம், ராஜினி வாயைப் பொத்திக்கொண்டு குளியலறைக்கு ஓடினாள். காத்தூன் பீவி பின்னாலேயே போய்த் தலையைத் தாங்கிப் பிடித்தார்.

"எத்தன நாளா இப்படி?"

"ஒரு மாசமா ஆன்டி. அந்தச் சில்வண்டு நாத்தம்தான். அந்த ஈர மண்ணு மாதிரி ஒரு வாசம் வருதே, அது மட்டும்தான் பிடிக்குது."

"தலைக்குக் குளிச்சு எத்தன நாளாச்சு?"

"எனக்கு எப்பவுமே முன்ன பின்னதான் ஆன்டி. கடைசியா..." ராஜினி மாதங்களை விரல் விட்டு எண்ணினாள். இரண்டாவது விரலில் எண்ணிக்கை நின்றது. கண்கள் விரிந்தன. குழாயில் தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

காத்தூன் பீவி அவள் முகத்தைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டு, நாற்காலியில் உட்காரவைத்தார். அப்புறம், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த கணவரைப் பார்த்துச் சொன்னார்:

"கோவப்படாதீங்க, தம்பி பொய் சொல்லல. ஏழு மாசம் முன்னாடியே சொல்லிட்டாப்ல, அவ்வளவுதான்."