சங்கு அண்ணனின் குசுகுசு

ஒரு சேதியை ஊருக்கெல்லாம் தெரியப்படுத்த வேண்டுமானால் பத்திரிகையில் போடுவார்கள், ரேடியோவில் சொல்வார்கள். எங்கள் இரும்புலியூரில் அந்தச் செலவெல்லாம் கிடையாது. சங்கு அண்ணனிடம் போய், "யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று ஆரம்பித்தால் போதும். அதற்காக அவரை வம்புக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். யாரைப் பற்றியும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசாதவர். ஆனால் அவர் தொண்டைக்கு ஒரே ஒரு அளவுதான் உண்டு. ஓடுகிற லாரியை நிறுத்தினாலும் அதே அளவு, அந்தரங்கம் பேசினாலும் அதே அளவு.

பல்லாவரம் பக்கம் ஏதோ ஒரு ஆலையில் ஷிப்ட் மாறும்போது சங்கு ஊதுவார்கள். காற்று வாட்டமாக இருந்தால் அது எங்கள் தெருவரை கேட்கும். அண்ணனுக்குக் காற்றின் ஒத்தாசை தேவைப்பட்டதில்லை. பெயர் வந்த கதை அவ்வளவுதான். டின் மூடி அடிக்கிற பட்டறை ஒன்றில் இருபது வருஷமாகப் பவர் பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். நாள் முழுக்க அந்த இடியில் நிற்கிறவர் கொஞ்சம் உரக்கப் பேசினால் என்ன என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

விட்டதன் பலனை நான் எண்பத்தாறில் அனுபவித்தேன். பெண் பார்த்துவிட்டு வந்த மறுநாள், தாம்பரத்தில் பஸ் ஏறினால், நாலு சீட் முன்னால் அண்ணன்.

"இன்னாபா, பொண்ணு பாத்துகினு வந்தியே, இன்னா ஆச்சி?"

"அப்புறம் சொல்றேண்ணா" என்றேன், உதடு பிரியாமல்.

"இன்னா?"

"அப்புறம் பேசலாம்."

"இன்னாது, புடிக்கலன்னு சொல்ட்டாளா?"

பஸ்ஸில் ஐம்பது பேர் திரும்பி, அந்தப் பெண் சொன்னதில் நியாயம் இருக்கிறதா என்று என் முகத்தை ஆராய்ந்தார்கள். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்தபடியே, "வுடு சார், இன்னொண்ணு கெடைக்கும்" என்றார். பின் சீட்டு அம்மாள் ஒருவர், காட்டாங்குளத்தூரில் தன் தங்கை பெண் ஒருத்தி இருப்பதாகச் சொன்னார். விலாசத்தை நான் வாங்கிக்கொண்டேன் என்பது வேறு விஷயம்.

இப்படிப்பட்ட மனிதர் எங்கள் செஸ் டீமில் இருந்தார். எந்த மாதிரி செஸ் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு எங்கள் படிப்பகத்தில், இந்தப் பக்கம் மூன்று பேர், அந்தப் பக்கம் மூன்று பேர். நடு மேஜையில் நிஜப் போர்டு. ஹாலின் இரண்டு மூலைகளிலும் ஆலோசனைக்கென்று தனித்தனி போர்டுகள். மூலையில் மூன்று தலையும் ஒட்டிக்கொண்டு கலந்து பேசும். முடிவான பிறகு கேப்டன் போய் நடு மேஜையில் காயை நகர்த்திவிட்டு வருவார். ஆக, இந்த ஆட்டத்துக்கு இரண்டு தகுதி வேண்டும். மூளை வேண்டும், அடுத்த மூலைக்குக் கேட்காமல் பேசத் தெரியவேண்டும். முதல் தகுதி அண்ணனிடம் மூன்று பேருக்கும் சேர்த்தே இருந்தது. அதனால்தான் இரண்டாவதை நாங்கள் பொறுத்துக்கொண்டோம்.

கேப்டன் சபேசன் சார், கணக்கு வாத்தியார். எதற்கும் ஒரு முறை வேண்டும் அவருக்கு. நாற்பது பக்க நோட்டு ஒன்றில் கோடு போட்டு வைத்திருப்பார். ஆளுக்கொரு மூவ் சொல்லவேண்டும், அவர் எழுதிக்கொள்வார். அதற்குக் 'கேண்டிடேட் மூவ்' என்று பெயர். "முதல்ல லிஸ்ட். அப்புறம் அனலிசிஸ். கடைசியில ஓட்டு. நடுவுல யாரும் வாயைத் திறக்கக் கூடாது" என்பார். பரீட்சை ஹால் கெட்டது.

அண்ணன் விளையாடிய முதல் மேட்சிலேயே அந்த முறை மண்ணைக் கவ்வியது. எதிரணி யோசித்துக்கொண்டிருந்த நேரம். அவர்கள் கேப்டன் ஒரு சிப்பாய்க்கு மேலே விரலைக் கொண்டுபோய்விட்டார். அண்ணன் எங்கள் இரண்டு பேர் தோளிலும் கையைப் போட்டு, கிட்டத்தில் இழுத்து, அந்தரங்கமாகச் சொன்னார்:

"அவன் மட்டும் சிப்பாய தள்ளட்டும் சார். குதிரைய வுட்டு ராணிய தூக்கிடலாம்!"

எதிரணிக் கேப்டன் விரலை எடுத்துக்கொண்டார். எங்கள் மூலையைப் பார்த்து, "தேங்க்ஸ்" என்றார். ஐந்து நிமிஷம் கழித்து எதிர்சாரி டீக்கடைக்காரர் வாசலில் வந்து நின்று, "ராணிய தூக்கிட்டீங்களா சார்?" என்று விசாரித்தார்.

சபேசன் சார் சும்மா விடுகிறவர் இல்லை. சங்கேத பாஷை ஒன்றைக் கண்டுபிடித்தார். குதிரைக்குக் கத்தரிக்காய், யானைக்குப் பூசணிக்காய், ராணிக்கு வெண்டைக்காய். காகிதத்தில் எழுதி அண்ணன் கையில் கொடுத்தார். அண்ணன் ஆழ்ந்து படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"கத்திரிக்கான்னா குதிரதானே சார்?"

எதிர் மூலையில் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார்கள். சரி, பேசவே வேண்டாம், எழுதிக் காட்டுங்கள் என்றோம். எழுதினார். எழுத்துக் கூட்டி, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார்.

எனக்கு இதைவிட எரிச்சல் வேறொன்று. கூடிப் பேசும் ஆட்டம் என்று பெயர். ஆனால் நாங்கள் சொல்கிற மூவை அவர் காதில் போட்டுக்கொள்வதே இல்லை. யானையை நகர்த்தினால் என்ன ஆகும் என்று நான் அரை நிமிஷம் விளக்கிவிட்டு நிமிர்ந்தால், அவர் குதிரையைப் பற்றி ஆரம்பிப்பார். எடுபட்டால் வெற்றி, இல்லாவிட்டால் "நீ சொன்னதும் நல்லாத்தான் கீதுபா" என்பார், நான் என்ன சொன்னேன் என்பதே தெரியாமல். தலைக்கனம் என்றுதான் நினைத்தேன். சபேசன் சாரும் அப்படித்தான் நினைத்தார்.

கோவிலம்பாக்கம் டீமோடு எங்களுக்கு வருஷா வருஷம் மூன்று ஆட்டம், ஒரு கேடயம். அந்த வருஷம் ஆளுக்கொன்று ஜெயித்து மூன்றாவது ஆட்டத்துக்கு வந்து நின்றோம். சபேசன் சார் காரியத்தில் கண்ணாக இருந்தார். அண்ணனை வாசலிலேயே நிறுத்தி, முகத்துக்கு நேரே சொன்னார்:

"பாருங்க, இன்னைக்கு நம்ம மூலையிலேர்ந்து ஒரு வார்த்தை வெளிய போச்சுன்னா, அடுத்த வாரத்துலேர்ந்து வேற ஆள். காலேஜ் பையன் ஒருத்தனைக் கேட்டு வெச்சிருக்கேன்."

அண்ணன் முகம் விழுந்துவிட்டது. கல்யாணம் காட்சி என்று எதுவும் இல்லாத மனிதர். ஆறு நாள் பிரஸ், ஏழாவது நாள் இந்தப் படிப்பகம், அதோடு அவர் வாரம் முடிந்தது. "வாயத் தொறக்கவே மாட்டேன் சார்" என்றவர், டீக்கடைக்குப் போய் இரண்டு கமர்கட்டு வாங்கி, கன்னத்துக்கு ஒன்றாக அடக்கிக்கொண்டு வந்தார். கமர்கட்டைக் கடித்தவர்களுக்குத் தெரியும், அது கரைகிற வரை தாடையைப் பிரிக்க முடியாது.

ஒன்றரை மணி நேரம் நீடித்த அப்படி ஒரு அமைதியைப் படிப்பகம் அதற்கு முன் கண்டதில்லை. கோவிலம்பாக்கம் கேப்டன் டேனியல் சார், "அவருக்கு உடம்பு சரியில்லையா?" என்று கவலையாகக் கேட்டார். அவர்கள் எங்கள் அண்ணனை நம்பி வந்திருந்தார்கள், பாவம்.

பிறகு அந்தக் கட்டம் வந்தது. சபேசன் சார் லிஸ்ட் போட்டார். யானையால் அவர்கள் சிப்பாயை வெட்டலாம், ராணியைப் பின்னுக்கு இழுக்கலாம், குதிரையைத் திருப்பலாம். எனக்கும் அவருக்கும் யானைதான். சும்மா கிடக்கிற சிப்பாயை ஏன் விடவேண்டும்? அண்ணனின் ஓட்டு பாக்கி. நான் அவர் காதோடு காதாக, "யானையால வெட்டிடலாமாண்ணா?" என்று கேட்டேன். என்னைப் பார்த்துச் சிரித்து, நன்றாகத் தலையாட்டினார். மூன்று ஓட்டு. சபேசன் சார் எழுந்து போய், நடு மேஜையில் யானையின் தலையைப் பிடித்தார்.

"சார்! கைய எடு!"

இரண்டு கமர்கட்டும் தெறித்து விழுந்தன. ஒன்று ஆலோசனைப் போர்டில் எங்கள் ராஜாவைச் சாய்த்தது.

"யானை நவுந்தா பின் வரிச காலி சார்! அவன் ராணி வந்து எறங்குனா மேட்டு!"

பார்த்தால், நிஜம். ஆனால் தொட்ட காயை நகர்த்தியே ஆகவேண்டும். சபேசன் சார் யானையைப் பிடித்த கையோடு திரும்பினார். முகம் சிவந்திருந்தது.

"நீங்கதானே ஓட்டு போட்டீங்க?"

"நான் எப்போ சார் போட்டேன்?"

"தலையாட்டினீங்களேண்ணா! உங்க காதுலதானே கேட்டேன்!" என்று நானும் கத்தினேன்.

அண்ணன் என்னையும் அவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு, எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னார். ஹால் முழுக்கக் கேட்டது.

"எனக்குக் காது கேக்காது சார். மூணு வருசமா கொஞ்சம் கொஞ்சமா போய்கினே கீது. சத்தமா பேசுனா புரியும். குசுகுசுன்னா ஒண்ணும் தெரியாது. நீங்க விரல வெக்கிற எடத்த பாத்து, இத்தத்தான் சொல்றீங்கன்னு நானா நெனச்சிக்கறது. காது செவுடுன்னு சொன்னா டீம்ல வெச்சிக்க மாட்டீங்களேன்னுதான் சொல்லல."

எந்த மனிதரிடம் எதுவும் தங்காது என்று ஊரே சிரித்ததோ, அவர் மூன்று வருஷம் இதை ஒருத்தருக்கும் தெரியாமல் காப்பாற்றியிருந்தார். தலைக்கனம் என்று நினைத்த என் புத்தியை எதனால் அடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

டேனியல் சார்தான் முதலில் தொண்டையைச் செருமினார். "சபேசன் சார், நீங்க தொட்டதை நாங்க பார்க்கலை. வேற மூவ் வைங்க."

"தொட்டா தொட்டதுதான்" என்றார் சபேசன் சார். யானையை விட்டுவிட்டு எங்கள் மூலைக்கு வந்து, அண்ணனுக்கு நேர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நோட்டைத் திறந்தார். பிறகு, கடைசி பெஞ்சுக்குப் பாடம் எடுக்கிற குரலில், சுவர் அதிர ஆரம்பித்தார்:

"யானையை நகர்த்தியே ஆகணும்! பின் வரிசையை விட்டும் போகக் கூடாது! அதே வரிசையில மூணு இடம் இருக்கு! உங்க கேண்டிடேட் எது?"

அண்ணன் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "மூலைல வெக்கலாம் சார்" என்றார்.

"மூலையில வெச்சா குதிரை வந்து ராணியை விரட்டும்ணா!" என்று கத்தினேன்.

"அட, ஆமாபா! நீ சொல்றது கரீட்டு!"

மூன்று வருஷத்தில் முதல் தடவையாக நான் சொன்ன மூவுக்கு அவர் பதில் சொல்லியிருந்தார். இந்தக் கூத்துக்கு நடுவே டேனியல் சார் தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு, "நாங்க கேட்கக் கூடாது, டீ குடிச்சிட்டு வரோம்" என்று வெளியே போய்விட்டார். இரண்டே நிமிஷம். வாசலில் தலையை நீட்டினார்.

"டீக்கடையிலயும் நல்லா கேக்குது. நாங்க வேணும்னா ஸ்டேஷன் வரைக்கும் போய் நிக்கட்டுமா?"

தோற்றோம். பின்னே, எங்கள் திட்டமெல்லாம் தாம்பரம் வரை தெரிந்தால் எப்படி ஜெயிப்பது? கேடயம் கோவிலம்பாக்கம் போய்ச் சேர்ந்தது. ஆனால் அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து யோசித்ததைப்போல அதற்கு முன் ஒரு நாளும் யோசித்ததில்லை.

சாயங்காலம் அண்ணனோடு ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றேன். எதிர்ப்பக்க ஸ்டாப்பில் சபேசன் சார். அண்ணன் என் தோளில் கை வைத்து, "தம்பி, அடுத்த வாரம் நான் வர்றதா, வேணாமா? நீ வாத்தியார்கிட்ட கேட்டு சொல்றியா?" என்றார்.

நான் கேட்கவேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது. சாலைக்கு அந்தப் பக்கம் சபேசன் சார், குடையைக் கக்கத்தில் இடுக்கி, இரண்டு கையையும் வாய்க்குக் குவித்துக்கொண்டு, லாரிச் சத்தத்தை மீறிக் கத்தினார்:

"மூணு மணிக்கு வந்துடணும்! லேட்டா வந்தா வெளியதான் நிக்கணும்!"

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "இன்னாபா சொல்றாரு?"

அந்த மனிதர் மேல் எனக்கு எவ்வளவு பிரியம் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. அவர் முகத்துக்கு நேரே நின்று, தொண்டையில் இருந்த பலத்தையெல்லாம் கூட்டிக் கத்தினேன்.

"உங்களை வரச் சொல்றார்ண்ணா!"

பஸ் ஸ்டாப்பே திரும்பிப் பார்த்தது. எனக்கு வெட்கமாகவே இல்லை.