ஒழுகும் கூரை தேவை

வெல்டருக்கு இடுப்பு கழன்று தனியாகத் தொங்குவது போலிருந்தது. குனிந்தால் நிமிர முடியவில்லை. நிமிர்ந்தால் குனிய முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க பயிற்சி மையத்தின் கூரையில் கிடந்து, துருப்பிடித்த தகரங்களைப் பிடுங்கிவிட்டுப் புது ஷீட் போட்ட வலி. கூட நாலு பேர். ஒருத்தருக்கும் கூலி கிடையாது. ஷீட்டே கைக்காசு போட்டு வாங்கியதுதான்.

திங்கட்கிழமை காலையில், செயலாளர் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லுவார் என்று நினைத்துப் போனவனை, அவர் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"யாரைக் கேட்டுய்யா கூரையைச் சரி பண்ணினே?"

"சார்?"

"குடியைக் கெடுத்தியே! நாளைக்கு மில்லுக்கார அம்மா பார்க்க வராங்க. ஒழுகுற கூரைக்குன்னு சொல்லித்தான் நன்கொடை கேட்டிருக்கேன். அண்ணாந்து பார்த்தா பளபளன்னு இருக்கு!"

"வாடகைக்குக் கேளுங்க சார். நாலு மாசம் நிக்குது. மாசக் கடைசியில பூட்டுப் போட்டுடுவேன்னு கட்டடத்துக்காரர் குதிக்கிறாரே."

"வாடகைக்கு எவன்யா குடுப்பான்? கூரைன்னா பேர் எழுதிக்கலாம். வாடகையில எங்கே எழுதுறது? கூரைக்குன்னு வாங்கித்தான் வாடகையைக் கட்டணும்."

வெல்டர் பல்லைக் கடித்தான். அங்கே பகலில், பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட பிள்ளைகள் ஒயரிங்கும் தையலும் பழகினார்கள். சாயங்காலம், வேலை முடிந்த பெரியவர்கள் எழுத்துக் கூட்டினார்கள். அவன் மனைவி செங்கல் சுமக்கிறவள். இப்போதுதான் யாரையும் கேட்காமல் பஸ் போர்டைப் படித்து ஏறுகிறாள். பூட்டு விழுந்தால் அவள் படிப்பு பாதியில் நிற்கும்.

"என்ன பண்ணணும்கிறீங்க?"

"ரெண்டு ஷீட்டைக் கழட்டு."

கழற்றினான். நேற்று முடுக்கிய போல்ட்டை இன்று திருகும்போது, யாரையாவது அறைய வேண்டும் போலிருந்தது. அறையத் தோதான ஆள் கீழேதான் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒழுகுற மாதிரி இல்லையேய்யா. ஜன்னல் வெச்ச மாதிரி இருக்கு. காத்து வேற ஜிலுஜிலுன்னு வருது. பழைய தகரம் எங்கே?"

"பழைய இரும்புக்கடையில."

"போய் வாங்கிட்டு வா."

கடைக்காரன் இரண்டு மடங்கு விலை சொன்னான்.

"நேத்து குப்பைன்னு சொல்லித்தானேய்யா எடுத்தே?"

"நான் எடுக்கும்போது குப்பை. நீ தேடி வரும்போது சரக்கு."

கையிலிருந்த கூலிப் பணம் அங்கேயே தீர்ந்தது. தகரத்தைத் தலையில் சுமந்து வந்து மாட்டினான். ஓட்டைகள் சல்லடை மாதிரி சிரித்தன. செயலாளருக்கு மனம் நிறைந்தது. வானத்தைப் பார்த்ததும் மறுபடி வற்றியது. ஒரு பொட்டு மேகம் இல்லை.

"நாளைக்கு நீ மேலே ஏறி உட்கார்ந்துக்கய்யா. பத்துப் பக்கெட் தண்ணி வெச்சுக்க. நான் இருமினா ஊத்து."

"சார், நான் வெல்டர்."

"நாளைக்கு ஒரு நாள் மழை."

சாயங்காலம் வகுப்புக்கு வந்த அவன் மனைவியைச் செயலாளர் மேலும் கீழும் பார்த்தார்.

"ஏம்மா, நாளைக்கு இப்படி வராதே. கிழிஞ்ச புடவை எதுவும் இல்லையா?"

"இருக்கு. அது கல்லு சுமக்கக் கட்டுறது. படிக்க வரும்போது கட்ட மாட்டேன்."

"ஏழைங்க மாதிரி தெரியணும்மா."

"மாதிரி எதுக்கு சார்? ஏழைங்கதானே." அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். "நீ என்னய்யா, போட்ட கூரையைப் பிரிச்சுட்டு நிக்கிறே?"

"உன் படிப்புக்குத்தான்டி."

"என் படிப்பு உன் பக்கெட்டுலயா இருக்கு? வெட்கமா இல்ல உனக்கு?"

இருந்தது. ஆனாலும் மறுநாள் ஏறினான்.

மில்லுக்கார அம்மா வந்தார். கசங்காத பருத்திப் புடவை, கையில் பை, பின்னால் டிரைவர். பெஞ்சுகளில் பிள்ளைகளும் பெரியவர்களும் சிரிக்கக் கூடாது என்ற உத்தரவோடு உட்கார்ந்திருந்தார்கள்.

அம்மா அண்ணாந்து பார்த்தார். நெற்றி சுருங்கியது. "இந்தக் கூரை..." என்று தொடங்கினார்.

செயலாளர் இருமினார்.

மேலிருந்து தண்ணீர் இறங்கியது. கூடவே துருத்தூளும் இறங்கியது. அது செயலாளரின் மூக்கில் ஏற, அவர் நிஜமாகவே இரும ஆரம்பித்தார். வெல்டருக்குச் சத்தம்தான் கணக்கு. ஓர் இருமலுக்கு ஒரு பக்கெட்.

"போதும்... கொஹ்... போதும்யா... கொஹ்!"

கொட்டியது. அம்மாவின் புடவை உடம்போடு ஒட்டியது. டிரைவர் பெஞ்சுக்கு அடியில் ஒதுங்கினார். உத்தரவை மறந்து பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆறாவது பக்கெட்டைத் தூக்க வெல்டர் காலை ஊன்றினான். தகரம் அதற்கு மேல் பொறுக்கவில்லை.

பக்கெட்டும் கையுமாக அம்மாவின் காலடியில் வந்து விழுந்தான். இடுப்பில் மிச்சமிருந்ததும் போயிற்று.

அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு குனிந்து கேட்டார். "நீங்க யாரு?"

வெல்டர் செயலாளரைப் பார்த்தான். செயலாளர் சுவரைப் பார்த்தார். இரண்டு நாள் ஆத்திரமும் தொண்டைக்கு வந்துவிட்டது.

"நான்தாங்க மழை."

அம்மா ஈரப்புடவையைப் பிழிந்தபடி வெளியே நடந்தார். கார்க் கதவு சாத்தப்பட்ட சத்தம் கேட்டது.

"எல்லாம் உன்னாலதான்!" செயலாளர் கத்தினார். "கூரையை நீ தொடாம இருந்திருந்தா இந்நேரம் பணம் கைக்கு வந்திருக்கும்!"

"ஆமா சார், நான்தான் தப்பு. ஒழுகுற இடத்துல உட்கார்ந்து என் பொண்டாட்டி படிக்கட்டும்னு விட்டிருக்கணும்!"

மனைவி அவனைத் தோள் கொடுத்துத் தூக்கினாள். திட்டவில்லை. அதுதான் அவனுக்கு அதிகம் வலித்தது.

அம்மா மறந்து விட்டுப்போன பையை எடுக்க டிரைவர் திரும்பி வந்தார். தலையிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, எல்லோரையும் ஒரு முறை முறைத்தார்.

"ஞாயித்துக்கிழமை இந்த வழியா போறப்ப நீங்க அஞ்சு பேரு வெயில்ல கூரை மேல கிடந்ததை அம்மா பார்த்தாங்க, எதிர் டீக்கடையில விசாரிச்சாங்க, 'கூலி வாங்காம கூரையை அவங்களே போட்டுக்கிட்டாங்க, வாடகையை நாம கட்டிடுவோம்'னு சொல்லித்தான் இன்னைக்கு வந்தாங்க; இனிமே அந்த நாலு மாச வாடகை உங்க பாக்கிதான்யா."